விழும்போது எந்தக் கை முந்துகிறது?

எங்கள் அத்தைக்கு அப்போது 61 வயது. ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களைப் போல அவரும் மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், சின்ன வீடு வாங்கிக் குடியிருக்கிறார். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்புறக் கொடிக்குப் போனார். லோங்காங்கின் (சாக்கடைக் கால்வாயின்) மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகையில் பாசி பிடித்திருந்தது. கால் வழுக்கியது. வாளி இடது கையில் இருந்தது, அதை அவர் விடவே இல்லை. வலது கையை ஊன்றினார். மணிக்கட்டு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் பாரத்தை (படிவத்தை) நிரப்பிய தாதி, "பியாசா பாக்காய் தாங்கான் மானா, ஆண்ட்டி?" என்று மலாயில் கேட்டார். வழக்கமாக எந்தக் கையைப் பயன்படுத்துவீர்கள் என்பது கேள்வி. அத்தை கொஞ்சம் யோசித்து, "மாக்கான் கானான்" என்றார். சாப்பிடுவது வலது கையில். தாதி வலது என்று குறித்துக்கொண்டார். மாவுக் கட்டுப் போட்டு வெளியே வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார்: "சாப்பிடத்தான் அய்யா சோத்துக் கை. மத்த எல்லாத்துக்கும் எனக்கு நொட்டாங்கை லா."

அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் என்னைத் தேட வைத்தது. பழக்கப்பட்ட கை அதிகம் உடையுமா, பழகாத கையா? இடது கைக்காரர்களுக்கு ஆபத்து கூடுதலா? தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்த தெளிவு இதுதான்: எந்தக் கை வலிமையானது என்பதைவிட, விழுகிற நொடியில் எந்தக் கை சும்மா இருந்தது என்பதுதான் பெரிய காரணம்.

முதலில் மணிக்கட்டு எப்படி உடைகிறது என்று பார்ப்போம். நின்ற நிலையிலிருந்து விழ முக்கால் வினாடிகூட ஆகாது. அந்த நேரத்துக்குள் மூளை யோசித்து முடிவெடுப்பதில்லை, கை தானாக நீள்கிறது. உள்ளங்கை தரையில் படுகிறது, மணிக்கட்டு பின்னால் மடங்குகிறது, உடம்பின் எடை அதன்மேல் இறங்குகிறது. முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆர எலும்பு, சுண்டுவிரல் பக்கம் இருப்பது முழங்கை எலும்பு. மணிக்கட்டின் வழியாக ஏறும் சுமையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை ஆர எலும்பே தாங்குகிறது. அதனால்தான் பெரும்பாலும் அது உடைகிறது, அதுவும் மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் மேலே.

டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் இந்த முறிவைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். ஆக, எலும்பைப் படமாகப் பார்க்க வழியே இல்லாத காலத்தில், கையின் வெளித்தோற்றத்தையும் தடவிப் பார்த்ததையும் வைத்து இது மூட்டு நழுவல் இல்லை, எலும்பு முறிவு என்று சொன்னவர் அவர். இன்றும் இதற்கு அவர் பெயர்தான். உடைந்த கையைப் பக்கவாட்டில் பார்த்தால் மேசையில் கவிழ்த்து வைத்த முள்கரண்டியைப் போல வளைந்திருக்கும். அத்தையின் கையை நான் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. வளையல்களுக்குக் கீழே திடீரென ஒரு மேடு, அதற்கப்புறம் ஒரு பள்ளம்.

சரி, எந்தக் கை? இதை ஒரு சின்னக் கணக்கில் சோதித்துப் பார்க்கலாம். உலகில் பத்துப் பேரில் சுமார் ஒருவர் இடது கைக்காரர், மற்ற ஒன்பது பேர் வலது கைக்காரர்கள். விழும்போது எப்போதும் பழகிய கைதான் முந்தும் என்றால், உடைந்து வரும் மணிக்கட்டுகளில் பத்தில் ஒன்பது வலதாக இருக்க வேண்டும். மருத்துவமனைக் கணக்குகளில் அப்படி இல்லை. வலதும் இடதும் ஏறக்குறையச் சரிபாதியாக வருகின்றன, பல இடங்களில் இடது கை சற்றே முந்துகிறது. வலது கைக்காரர்களே நிறைந்த கூட்டத்தில் இடது கை இவ்வளவு உடைகிறது என்றால், பழகாத கையும் பழகிய கைக்குச் சமமாக, சில இடங்களில் சற்று அதிகமாகவே அடி வாங்குகிறது என்று அர்த்தம். பிள்ளைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. குழந்தைகளின் கை முறிவுகளில் இடது பக்கமே அதிகம் என்று சுவீடனிலிருந்து 1991இல் ஓர் ஆய்வு வந்தது.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாலே போதும். பால் வெட்டுக்குப் போகிறவர் கையில் கத்தி இருக்கும், பால் எடுக்கும்போது வாளி இருக்கும். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் அக்காமார்களுக்கு ஒரு கையில் சாக்கு. எது கையில் இருந்தாலும் பழகிய கைதான் அதைப் பிடித்திருக்கும். விழும்போது கையில் இருப்பதை உதறிவிட்டு ஊன்றலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் கை அப்படிச் செய்வதில்லை. கீழே போகிறோம் என்று தெரிந்ததும் பிடி தளர்வதற்குப் பதிலாக இறுகுகிறது. பால் சிந்தினால் அன்றைய கூலி போச்சு என்று வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பிடி இன்னும் இறுகும். அத்தையின் வாளியில் இருந்தது வெறும் துணிதான். ஆனால் அவர் கை நாற்பது ஆண்டு பால் வாளி தூக்கிய கை. சும்மா இருந்த மற்றக் கைதான் தரைக்கு நீண்டது.

இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். பழகிய கை அனுபவம் உள்ள கை. விழும்போது அது கொஞ்சம் மடங்கிக் கொடுக்கும், எதையாவது பற்றும். பழகாத கை விறைப்பாக நீட்டியபடி போய் மோதும். முழங்கை சற்று வளைந்த நிலையில் ஊன்றினால் மணிக்கட்டில் ஏறும் விசை குறைகிறது என்பது ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்த உண்மை. ஆனாலும் கையில் என்ன இருந்தது என்ற காரணத்துக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். அதை யார் வேண்டுமானாலும் தன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எலும்பின் வலிமையிலும் இரண்டு கைகளுக்கும் வித்தியாசம் உண்டு. எலும்பு செத்த பொருள் இல்லை, சுமை ஏற ஏற அது தன்னைத் தடித்துக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். டென்னிஸ் வீரர்களை வைத்து 1977இல் வெளிவந்த ஆய்வில், மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மற்றக் கையைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ 35 விழுக்காடும் பெண்களுக்கு 28 விழுக்காடும் தடித்திருந்தது. சாதாரண மக்களிடம் வித்தியாசம் இவ்வளவு இருக்காது, ஆனால் இருக்கும். முன்கையில் எலும்பு அடர்த்தியை அளக்கும்போது பழகாத கையைத்தான் அளக்க வேண்டும் என்று முறை வைத்திருப்பதும் இதனால்தான். ஆக, பழகாத கைக்கு இரண்டு பக்கமும் அடி. விழும்போது பல நேரம் முந்துவதும் அது, எலும்பில் சற்று மெலிந்திருப்பதும் அது.

இனி இடது கைக்காரர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் நிறையக் கதை கட்டிவிட்டார்கள்.

கனடாவில் ஸ்டான்லி கோரன் என்ற உளவியலாளர் ஏறத்தாழ 1,900 பல்கலைக்கழக மாணவர்களிடம் விசாரித்து, இடது கைக்காரர்கள் விபத்தில் அதிகம் காயப்படுகிறார்கள் என்று 1989இல் எழுதினார். 2003இல் வெளிவந்த ஒரு வட கலிபோர்னிய ஆய்வு 45 வயதைத் தாண்டியவர்களைப் பார்த்து, இடது கைக்காரர்களுக்கு முன்கை உட்படச் சில இடங்களில் எலும்பு முறிவு சற்றுக் கூடுதல் என்றது. இதுவரை சரி. ஆனால் 1991இல் கோரனும் டயான் ஹால்பெர்னும் சேர்ந்து இன்னொன்று சொன்னார்கள். தென் கலிபோர்னியாவில் இறந்தவர்களின் கணக்கைப் பார்த்து, வலது கைக்காரர்கள் சராசரியாக 75 வயதிலும் இடது கைக்காரர்கள் 66 வயதிலும் இறக்கிறார்கள் என்றார்கள். ஒன்பது ஆண்டு வித்தியாசம்! உலகமே பதறியது.

அந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்று என் அத்தைக்கே தெரியும். அவர் படித்த தோட்டப் பள்ளியில் இடது கையில் எழுதுகோலை எடுத்தால் வாத்தியாரின் பிரம்பு விரல் மொழியில் இறங்கும். வீட்டில் இடது கையைச் சோற்றில் வைத்தால் பாட்டி தட்டையே இழுத்துக்கொள்வார். அந்தத் தலைமுறையில் இடது கைக்காரர்கள் குறைவாகத் தெரிவது அவர்கள் செத்துப்போனதால் இல்லை, அடித்து மாற்றப்பட்டதால். அமெரிக்காவிலும் பழைய தலைமுறையை அப்படித்தான் மாற்றினார்கள். இறந்தவர் பட்டியலில் இடது கைக்காரர் என்று பதிவானவர்களில் பெரும்பாலோர் பின்னால் பிறந்தவர்கள். அந்தப் பட்டியலுக்கு இளவயதில் வந்து சேர்ந்தவர்களும் அவர்களே, அதனால் சராசரி கீழே போனது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் இதை எடுத்துக் காட்டி அந்த முடிவை மறுத்தார்கள். ஆயுள் குறைவு என்பது தப்பு. யாராவது இன்னும் அதைச் சொல்லி இடது கைப் பிள்ளையை மிரட்டினால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

விபத்து கொஞ்சம் கூடுதல் என்பதை மட்டும் நான் நம்புகிறேன். அதற்குக் காரணம் அவர்களின் உடம்பில் இல்லை, நாம் கட்டி வைத்திருக்கும் உலகத்தில் இருக்கிறது. கத்தரிக்கோல் வலது கைக்கானது. கப்சாய் மோட்டார் சைக்கிளின் முறுக்குப் பிடியும் முன் பிரேக்கும் வலப்பக்கம். ரப்பர் மரத்தையே பாருங்கள். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக மேலே போவதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் தாழ்வாக இறங்கும்படி வெட்டுக் கோடு போடுகிறார்கள். அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டு அதிகப் பால் வடியும். ஒட்டு மரங்களில் இந்தச் சரிவு சுமார் 30 பாகை. மரத்தின் அமைப்பே அப்படி என்பதால் இடது கைக்காரருக்காகக் கோட்டைத் திருப்பிப் போட முடியாது. வலது கைக்காரர் பழகிய நிலையில் நின்று கத்தியை இழுக்கும் இடத்தில், அத்தை உடம்பைத் திருகிக்கொண்டு, காலை மாற்றி வைத்து, ஈரச் சரிவில் ஒருக்களித்து நின்று வெட்டினார். அதுவும் விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். விழாமல் இத்தனை வருடம் வேலை பார்த்ததே அதிசயம்.

அத்தையிடம் கேட்ட "எந்தக் கை?" என்ற கேள்வியே எளிதானதில்லை. 1971இல் ஓல்ட்ஃபீல்டு என்பவர் எடின்பரோவில் உருவாக்கிய பட்டியல்தான் ஆய்வுகளில் அதிகம் பயன்படுகிறது. பத்து வேலைகளைக் கேட்பார்கள்: எழுதுவது, வரைவது, எறிவது, கத்தரிக்கோல், பல் துலக்குவது, கத்தி, கரண்டி, துடைப்பத்தில் மேல் கை, தீக்குச்சி, பெட்டி மூடி. பதில்களைக் கூட்டினால் ஒருவர் முழு வலது, முழு இடது, அல்லது நடுவில் எங்கோ என்று தெரியும். நல்ல பட்டியல்தான். ஆனால் கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு அந்தக் கரண்டிக் கேள்வி எதையும் சொல்வதில்லை. நம்மிடம் சாப்பாட்டுக் கை என்பது ஊர் போட்ட சட்டம். சோத்துக் கை என்று நம் மொழியே பெயர் வைத்துவிட்டது. கோலப்பொடியை எந்தக் கை விடுகிறது, தேங்காயை எந்தக் கை உடைக்கிறது, கல்லை எந்தக் கை எறிகிறது என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அத்தையிடம் கேட்டேன். மூன்றுமே இடது.

அப்படிப் பார்த்தால் அவருக்கு உடைந்த வலது கை பழகாத கை. பாரத்தில் இருப்பதற்கு நேர் எதிர். இப்படி எத்தனை பேர் தவறாகப் பதிவாகி, "பழகிய கை உடைந்தது" என்ற கணக்கில் சேர்ந்திருப்பார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

கைப் பழக்கம் எந்தப் பக்கம் உடையும் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. உடையுமா உடையாதா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. அதில் வயதுதான் முதல். பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் எடுக்கும் பருவத்தில், பெண் பிள்ளைகளுக்கு 11, 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலும், எலும்பு நீளும் வேகத்துக்கு அதில் சுண்ணாம்புச் சத்து சேர்வதில்லை. பள்ளித் திடலில் விழுந்து கட்டோடு வரும் பையன்கள் பெரும்பாலும் அந்த வயதுதான். இளைஞர்களுக்கு மோட்டார் சைக்கிள். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு தேய, 50 வயதிலிருந்து மணிக்கட்டு முறிவுகள் கிடுகிடுவென ஏறுகின்றன. இன்னும் வயதானால் கை நீளும் வேகமே குறைந்துவிடும். ஊன்ற நேரம் இல்லாமல் இடுப்பில் விழுவார்கள், அப்போது உடைவது இடுப்பெலும்பு. அது மணிக்கட்டைவிடப் பன்மடங்கு மோசம்.

நம் மக்களுக்கு இன்னும் இரண்டு உண்டு. வெயில் கொளுத்தும் நாடாக இருந்தும் மலேசியப் பெண்களிடம் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. நீரிழிவு நம் நாட்டில் இந்தியர்களிடம்தான் அதிகம். இரண்டாம் வகை நீரிழிவில் எலும்பு அடர்த்தி அளவு நன்றாகத் தெரிந்தாலும் எலும்பு எளிதில் உடையும். கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது, சர்க்கரை திடீரென இறங்கித் தலை சுற்றுவது எல்லாம் சேர்ந்து விழவும் வைக்கும். அத்தைக்கும் சர்க்கரை உண்டு. பாசியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு வேளை வீட்டில் யாராவது இப்படி விழுந்தால் முதல் காரியமாக வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். மங்கலப் பொருள், கழற்றக் கூடாது என்று தயங்கினால் ஒரு மணி நேரத்தில் கை வீங்கி, அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அத்தையின் இரண்டு வளையல்கள் அப்படித்தான் போயின. எக்ஸ்ரே எடுக்கும் முன்னால் எண்ணெய் போட்டு உருவி விடுவதோ, இழுத்துச் சரி செய்வதோ வேண்டவே வேண்டாம். நரம்பு அழுந்தினால் விரல் மரத்துப்போகும். கட்டைவிரலின் அடிப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறது, ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டால், 10 முதல் 14 நாளில் திரும்பப் போய்ப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் படகு எலும்பின் விரிசல் முதல் நாள் ஒளிந்துகொள்ளும், விட்டால் சேராமலே போகும். கட்டுப் போட்ட பிறகு விரல், முழங்கை, தோள் மூன்றையும் தினமும் அசைக்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவர் நின்ற இடத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். ஒரு தடவை இப்படி உடைந்தவருக்கு மறுபடி எங்காவது உடையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மணிக்கட்டு ஆறிவிட்டது என்று அதோடு விட்டுவிடுகிறோமே, அதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

ஆறு வாரம் கட்டு. அத்தைக்கு வேலை எதுவும் நிற்கவில்லை, இடது கை பெருக்கியது, நறுக்கியது. சாப்பாட்டில்தான் சிக்கல். முதல் சில நாள் அடுப்படியில் திரும்பி உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி இடது கையால் சாப்பிட்டார். கரண்டி கொடுத்தோம், வேண்டாம் என்றார். மூன்றாம் வாரம் என் மகள், அவளும் இடது கைக்காரி, தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையாலேயே சாப்பிட்டாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கூடத்துக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தார்.

கட்டுப் பிரித்த பிறகு உடற்பயிற்சிப் பிரிவில் பிடி வலிமையை அளக்கும் கருவியைக் கொடுத்தார்கள். வலது கைக்காரர்களுக்குப் பழகிய கை மற்றதைவிடச் சுமார் 10 விழுக்காடு வலிமையாக இருக்கும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. உடைந்த கை எவ்வளவு மீள வேண்டும் என்பதற்கு அதை வைத்துத்தான் இலக்குப் போடுவார்கள். இடது கைக்காரர்களிடம் அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. வலது கை உலகத்தில் இரண்டு கையையும் உழைக்க வைத்து வைத்து, இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடுகின்றன. பயிற்சி கொடுக்க வந்த பெண் பாரத்தைப் பார்த்து, "கானான், யா?" என்று கேட்டார். அத்தை கருவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கிரி," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அதுல மாத்தி எழுதச் சொல்லு அய்யா."